மனாசேயின் 55 ஆண்டுகள்: வணங்காக் கழுத்தும் நீடிய பொறுமையும்

யூதாவிலும் இஸ்ரவேலிலும் ஆண்ட அரசர்களில் நீண்ட காலம் சிம்மாசனத்தில் இருந்தவன் தாவீது அல்ல, சாலொமோனும் அல்ல. அவர்கள் ஆளுக்கு 40 ஆண்டுகள் ஆண்டார்கள். வேதாகமம் யாரை மிகக் கெட்டவன் என்று எழுதி வைத்திருக்கிறதோ, அந்த மனாசேதான் 55 ஆண்டுகள் ஆண்டான். அவனுடைய பேரன் யோசியா, முழு மனதோடு கர்த்தரிடம் திரும்பியவன் என்று அதே வேதாகமம் போற்றுகிற அரசன், 31 ஆண்டுகள் ஆண்டு, மெகிதோவில் எகிப்திய மன்னன் நேகோவின் கையில் 39 வயதில் மாண்டான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எந்த விசுவாசிக்கும் நெஞ்சு உறுத்தும். தேவனுடைய நீடிய பொறுமை என்று நாம் நன்றியோடு அறிக்கையிடுகிறோமே, அந்தப் பொறுமை யாருக்கு, எவ்வளவு காலம், யாருடைய செலவில் என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது.

மனிதப் பிடிவாதத்தைப் பற்றிப் பேசும்போது பார்வோனையும் யோனாவையும் எடுத்துக்கொள்வது நம் பிரசங்க மேடைகளின் வழக்கம். பார்வோன் அந்நியன், அவன் கதை செங்கடலோடு தீர்ந்துவிடுகிறது. யோனா அடம் பிடித்தாலும் அந்த அடத்தில் யாரும் சாகவில்லை. மனாசே நம் வீட்டுப் பிள்ளை. தாவீதின் வம்சம், எசேக்கியாவின் மகன். அவன் பிடிவாதத்தில் மனிதர்கள் செத்தார்கள். பிறகு அவனுக்கு மன்னிப்பும் கிடைத்தது என்று வேதாகமத்தின் ஒரு புத்தகம் சொல்கிறது. இன்னொரு புத்தகம் அந்த மன்னிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. தேவ பொறுமையைப் பற்றிக் கிறிஸ்தவ விசுவாசம் உண்மையில் என்ன சொல்கிறது என்று அறிய இதைவிடக் கடினமான, நேர்மையான இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் 2 இராஜாக்கள் 21ஆம் அதிகாரம். பன்னிரண்டு வயதில் அரியணை ஏறினான் மனாசே. எசேக்கியா நோயுற்றுச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபித்தபோது அவருக்கு 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்பட்டன என்று அதற்கு முந்தைய அதிகாரம் சொல்கிறது. இரண்டு எண்களையும் நேராகச் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கூடுதல் ஆண்டுகளில் பிறந்த பிள்ளை இவன். (தகப்பனும் மகனும் சில காலம் இணைந்து ஆண்டார்கள் என்று கருதும் ஆய்வாளர்களின் கணக்கு வேறு.) தகப்பன் இடித்த மேடைகளை மகன் திரும்பக் கட்டினான். பாகாலுக்குப் பலிபீடங்கள் எழுப்பினான். ஆலயத்தின் இரண்டு பிராகாரங்களிலும் வானத்துச் சேனைகளுக்குப் பீடங்கள் வைத்தான். அசேராவின் உருவத்தை ஆலயத்துக்குள்ளேயே நிறுத்தினான். பெற்ற பிள்ளையை நெருப்புக்குக் கொடுத்தான். குறிசொல்கிறவர்களையும் அஞ்சனம் பார்க்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டான்.

இந்தப் பட்டியலுக்குப் பிறகு இன்னொரு குற்றம் தனியாக வருகிறது. எருசலேமின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிரம்பும் அளவுக்குக் குற்றமற்றவர்களின் இரத்தத்தை அவன் சிந்தினான். யாருடைய இரத்தம் என்று புத்தகம் பெயர் சொல்லவில்லை. பிற்கால யூத மரபு ஒரு பெயரைச் சொன்னது: ஏசாயா தீர்க்கதரிசி. மனாசேயின் ஆட்சியில்தான் அவர் வாளால் அறுக்கப்பட்டு இறந்தார் என்பது அந்த மரபு. விசுவாச வீரர்களைப் பேசும் எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் வாளால் அறுப்புண்டவர்கள் என்று வருமிடம் இதைத்தான் குறிக்கிறது என்பார்கள். மரபு வரலாறாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெயர் தெரியாத மற்றவர்கள் அந்த வாக்கியத்தில் இன்னும் பெயர் தெரியாமலேதான் கிடக்கிறார்கள்.

இந்த அரசன் வேதாகமத்துக்கு வெளியிலும் தட்டுப்படுகிறான். அசீரியப் பேரரசன் எசரத்தோன் நினிவேயில் அரண்மனை கட்டியபோது, மரமும் கல்லும் இழுத்து வந்து சேர்க்கும்படி தனக்கு அடங்கிய 22 அரசர்களுக்கு ஆணையிட்டான். களிமண் பட்டகத்தில் பொறித்த அந்தப் பட்டியலில் யூதாவின் மனாசே ஒருவன். எசரத்தோனின் மகன் அசூர்பானிபால் எகிப்தின்மேல் படையெடுத்தபோது கூடப்போன அரசர்களின் பட்டியலிலும் அவன் பெயர் உண்டு. அதற்கு முன்பே, கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவுக்குள் புகுந்து, தானே பெருமையடித்துக்கொண்டபடி, 46 அரணான நகரங்களைப் பிடித்திருந்தான். லாகீஸ் நகரம் சாம்பலாகியிருந்தது. அப்படிச் சீரழிந்த நாட்டைத்தான் மனாசே வாரிசாகப் பெற்றான். அவன் அசீரியாவுக்குக் கப்பம் கட்டினான், சண்டைக்குப் போகவில்லை. யூதாவின் தென்பகுதி வறண்ட நிலங்களில் ஏழாம் நூற்றாண்டில் குடியிருப்புகள் பெருகியதை அகழாய்வுகள் காட்டுகின்றன. அண்டையிலிருந்த பெலிஸ்தரின் எக்ரோனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிவ எண்ணெய்ச் செக்குகள் ஓடின. வட்டாரமே வணிகத்தில் செழித்த காலம் அது. மனாசே ஒரு கெட்டிக்கார நிர்வாகி என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

விக்கிரக வழிபாடு மேலிடத்து நெருக்கடியால் வந்தது என்று அவனுக்காக வாதாடலாமா? 1973இல் ஜான் மெக்கேயும் 1974இல் மார்டன் கோகனும் தனித்தனியே எழுதிய நூல்கள் அந்த வாதத்தின் அடித்தளத்தையே ஆட்டிவிட்டன. கப்பம் கட்டிய நாடுகளின்மேல் அசீரியா தன் தெய்வங்களைத் திணிக்கவில்லை என்பது அவர்களின் முடிவு. அப்படியானால் மனாசே செய்தது அவனாகவே செய்தது. தோல்வியில் கலங்கி அவன் முரண்டு பிடிக்கவில்லை. வயல் விளைந்தது, வரி வந்தது, எதிரி வரவில்லை. நாம் செய்வது தப்பாக இருந்தால் இவ்வளவு நன்றாக நடக்குமா என்று நினைக்க அவனுக்கு எல்லா வசதியும் இருந்தது. தீமைக்குத் தண்டனை உடனே வராததால்தான் மனிதர் நெஞ்சம் தீமை செய்யத் துணிகிறது என்ற எண்ணத்தைப் பிரசங்கி 8ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. ரோமர் 2ஆம் அதிகாரத்தில் பவுலும் அதையே எதிர்ப்பக்கத்திலிருந்து பிடிக்கிறார்: மனந்திரும்பட்டும் என்று கொடுக்கப்பட்ட அவகாசத்தை அலட்சியம் செய்கிறவன் தனக்கென்று கோபத்தைச் சேர்த்து வைக்கிறான். பொறுமைக்கு இருக்கிற பெரிய ஆபத்து இது. பொறுக்கிறவர் மௌனமாக இருக்கும்போது, அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எளிது. மனாசேயின் பிடிவாதம் அந்த மௌனத்தைத் தின்றே வளர்ந்தது. இன்றும் பல பிடிவாதங்கள் அப்படித்தான் வளர்கின்றன.

இராஜாக்களின் புத்தகத்தில் இந்தக் கதைக்குத் திருப்பம் கிடையாது. சாப்பிட்ட தட்டைத் துடைத்துக் கவிழ்ப்பதுபோல எருசலேமைத் துடைப்பேன் என்று கர்த்தர் எச்சரிக்கிறார். மனாசே சாகிறான், அரண்மனைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணப்படுகிறான். அவ்வளவுதான். யோசியாவின் மாபெரும் சீர்திருத்தத்துக்குப் பிறகும்கூட மனாசேயின் நிமித்தம் மூண்ட கோபம் தணியவில்லை என்று அந்தப் புத்தகம் எழுதுகிறது. 24ஆம் அதிகாரத்தில் காரணத்தையும் சொல்கிறது: சிந்தப்பட்ட குற்றமற்ற இரத்தத்தைக் கர்த்தர் மன்னிக்க மனதாயிருக்கவில்லை. அங்கே முன்னால் நிறுத்தப்படுவது விக்கிரகங்கள் அல்ல, இரத்தம். இதை நாம் கவனித்துப் படிப்பதில்லை.

அடுத்து 2 நாளாகமம் 33. பாபிலோன் சிறையிருப்பு முடிந்து திரும்பியவர்களின் சந்ததிக்காக, பெரும்பாலும் கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நூல் இது. முதல் ஒன்பது வசனங்கள் பழைய புத்தகத்தை ஏறத்தாழ அப்படியே பின்தொடர்கின்றன. பத்தாம் வசனத்தில் கர்த்தர் மனாசேயோடும் மக்களோடும் பேசுகிறார், அவர்கள் காது கொடுக்கவில்லை. அதன்பின் பாதை பிரிகிறது. அசீரியத் தளபதிகள் வருகிறார்கள், மனாசேயைப் பிடித்து வெண்கல விலங்கு பூட்டிப் பாபிலோனுக்குக் கொண்டுபோகிறார்கள். நெருக்கத்தில் அவன் தன்னை மிகவும் தாழ்த்தி ஜெபிக்கிறான். கர்த்தர் இரங்கி அவனை எருசலேமுக்கே, அவன் அரசுக்கே திரும்பச் சேர்க்கிறார். கர்த்தரே தேவன் என்று அப்போதுதான் அவன் அறிந்துகொள்கிறான். ஆலயத்துக்குள் நின்று அறியாததை அந்நியச் சிறையில் அறிகிறான்.

இது நடந்ததா என்பது பழைய வழக்கு. சந்தேகப்படுகிறவர்கள் சொல்வது: இவ்வளவு கெட்டவன் 55 ஆண்டுகள் ஆண்டதற்கு நாளாகமக்காரருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, ஆகவே ஒரு மனந்திரும்புதலைச் சேர்த்தார். நம்புகிறவர்கள் சொல்வது: அசூர்பானிபாலின் சகோதரன் சமாஷ்-சும்-உகின் பாபிலோனில் கி.மு. 652 முதல் 648 வரை கலகம் செய்தான். அதில் பங்குண்டு என்ற சந்தேகத்தில் மனாசே இழுத்துச் செல்லப்பட்டிருக்கலாம். பிடித்துக் கொண்டுபோன சிற்றரசனைத் திரும்ப அரியணையில் அமர்த்துவதும் அசீரியாவுக்குப் புதிதல்ல. எகிப்தின் சாயிஸ் நகரத்து முதலாம் நேகோவை அசூர்பானிபால் அப்படித்தான் திருப்பி அனுப்பினான். ஆனாலும் மனாசே கைதான செய்தி எந்த அசீரியக் கல்வெட்டிலும் இதுவரை கிடைத்ததில்லை. நடந்திருக்க இடமுண்டு என்பதற்கு மேல் வரலாறு பேசாது. என் வாதத்துக்கு அது போதும்.

நாளாகமத்திலேயே நாம் விட்டுவிடுகிற ஓர் இடம் உண்டு. திரும்பி வந்த மனாசே மதில் கட்டினான், கர்த்தருடைய பலிபீடத்தைச் செப்பனிட்டான், அந்நிய தெய்வங்களை ஆலயத்திலிருந்து எடுத்து நகரத்துக்குப் புறம்பே போடுவித்தான். போடுவித்தான், அவ்வளவுதான். எரித்ததாக இல்லை, தூளாக்கியதாக இல்லை. சில வசனங்கள் தள்ளி அவன் மகன் ஆமோன் அரசனாகிறான். தகப்பன் செய்து வைத்த விக்கிரகங்களுக்கெல்லாம் பலியிடுகிறான். மனந்திரும்பியவனின் பழைய சரக்கு அடுத்த தலைமுறைக்கு அப்படியே கிடைத்திருக்கிறது. ஆமோன் இரண்டே ஆண்டுகளில் தன் ஊழியக்காரராலேயே கொலையுண்டான். மனாசே ஆலயப் பிராகாரங்களில் கட்டிய பீடங்களை இடித்தது யோசியாதான் என்று இராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. ஒருவனுக்கு மன்னிப்புக் கிடைக்கிற வேகத்தில் அவன் செய்த சேதம் சரியாவதில்லை. ஏறிய நஞ்சு இறங்க இரண்டு தலைமுறை போதவில்லை.

மனாசே சிறையில் என்ன ஜெபித்தான் என்று நாளாகமம் சொல்லவில்லை. வேறு ஏடுகளில் எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அந்த ஏடுகள் நமக்கு வந்து சேரவில்லை. இந்த இடைவெளியை ஒரு சிறிய ஜெபம் வந்து நிரப்பியது. மனாசேயின் ஜெபம் என்று பெயர், 15 வசனங்கள். கிறிஸ்துவுக்கு முன்போ சற்றுப் பின்போ யாரோ ஒரு பக்தர் எழுதியது. சவக்கடல் சுருள்களிலும் அசீரிய அரசனின் சிறையில் மனாசே செய்த ஜெபம் என்ற தலைப்போடு வேறொரு துண்டு கிடைத்திருக்கிறது. லூத்தர் 1534ஆம் ஆண்டு வேதாகமத்தில் தள்ளுபடி ஆகமங்களின் கடைசியில் இந்த ஜெபத்தை வைத்தார். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்திலும் இடம் பெற்றது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் தபசு காலத்து இரவு வழிபாட்டில் இன்றும் இதைச் சொல்கின்றன. தமிழ்ப் புராட்டஸ்டண்ட் வேதாகமத்தின் 66 நூல்களிலும் இது இல்லை, கத்தோலிக்கரின் 73 நூல்களிலும் இல்லை. நம் சபை மக்களில் பலர் இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அது ஒரு குறைதான்.

இந்த ஜெபத்தை முதலில் தூக்கிப் பிடித்த கிறிஸ்தவ நூல்களில் ஒன்று, மூன்றாம் நூற்றாண்டுச் சீரியாவில் உருவான டிடஸ்காலியா என்ற சபை ஒழுங்கு நூல். அது பேசுவது ஆயர்களிடம். மனாசேயின் கதையை விரித்துச் சொல்கிறது: சிறையில் அவனுக்குத் தவிட்டு ரொட்டியை எடைபோட்டுக் கொடுத்தார்கள், காடி கலந்த தண்ணீரை அளந்து கொடுத்தார்கள், உயிர் போகாமல் இருக்க எவ்வளவோ அவ்வளவு. அந்த நிலையில் ஜெபித்தவனையே தேவன் ஏற்றுக்கொண்டார் என்றால், மனம் வருந்தி வாசலில் நிற்கிறவனைத் துரத்த ஆயருக்கு என்ன அதிகாரம் என்று கேட்கிறது. அந்த நூற்றாண்டில் அது புத்தகக் கேள்வி அல்ல. கி.பி. 250இல் பேரரசன் தேசியு எல்லாரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது, உயிருக்குப் பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்கள் ஏராளம். துன்புறுத்தல் ஓய்ந்ததும் அவர்கள் சபைக்குத் திரும்ப வந்தார்கள். சேர்க்கவே கூடாது என்றார் ரோமின் நோவாசியான். கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான் கதவைச் சாத்தவும் இல்லை, விரியத் திறந்துவிடவும் இல்லை. தவ காலம் வேண்டும், ஆளாளுக்கு விசாரணை வேண்டும், அதன்பிறகு ஏற்கலாம் என்றார். 256இல் பொறுமையின் நன்மையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 258இல், அவரே சாட்சியாகத் தலை கொடுத்தார்.

நோவாசியானை வில்லனாகப் பார்க்க எனக்கு மனமில்லை. சித்திரவதையில் கை கால் இழந்தும் மறுதலிக்காதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, மறுதலித்தவனுக்கு அதே பந்தியில் இடம் கொடுப்பது அநியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நேர்மையாளரின் மனதிலும் ஒரு பிடிவாதம் குடியேறும், அது பாவியின் பிடிவாதத்துக்குக் குறைந்ததல்ல. ஊதாரி மகனின் அண்ணன் வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நிற்கிறானே, அந்தப் பிடிவாதம். யூத மரபு இதை மனாசேயை வைத்தே பேசியிருக்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, வரும் உலகில் பங்கில்லாத அரசர்கள் மூவர் என்று சொல்லி, எரொபெயாம், ஆகாப் என்பவர்களோடு மனாசேயையும் சேர்க்கிறது. ரபி யூதா மட்டும் மறுத்தார்: மனாசேக்குப் பங்கு உண்டு, அவன் மனந்திரும்பினான் என்றார். எருசலேம் தல்மூத் இதைக் கதையாகவே சொல்கிறது. மனாசேயின் ஜெபம் மேலே ஏறி வருகிறது. தேவதூதர்கள் ஓடிப்போய்ப் பரலோகத்தின் சன்னல்களையெல்லாம் அடைக்கிறார்கள். ஆலயத்துக்குள் விக்கிரகம் வைத்தவனையா ஏற்கப் போகிறீர் என்று கேட்கிறார்கள். இவனை ஏற்காவிட்டால் மனந்திரும்புகிற எல்லாருக்கும் கதவடைத்தவனாவேன் என்கிறார் கடவுள். பிறகு தம் மகிமையின் சிங்காசனத்துக்குக் கீழே தாமே ஒரு துவாரம் தோண்டி அந்த ஜெபத்தை வாங்கிக்கொள்கிறார். தேவ பொறுமையைப் பற்றி நான் படித்தவற்றில் இதற்கு ஈடான கதை இல்லை. தூதர்கள் கேட்ட கேள்வி தவறு என்று அந்தக் கதை சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏனென்றால் செத்தவர்கள் இருக்கிறார்கள். மனாசே திருந்தட்டும் என்று காத்த ஆண்டுகள்தான் எருசலேமின் தெருக்களில் இரத்தம் ஓடிய ஆண்டுகளும். கொடியவனுக்கு அவகாசமாக வருகிற பொறுமை, அவனிடம் சிக்கியவனுக்குத் தாமதமாக வருகிறது. இதற்கு இலகுவான பதில் எதுவும் கிறிஸ்தவ விசுவாசத்திடம் இல்லை, இருப்பதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. வேதாகமம் அந்தக் கேள்வியை மறைக்கவில்லை என்பது மட்டும் உண்டு. வெளிப்படுத்தின விசேஷம் 6ஆம் அதிகாரத்தில், கொலையுண்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து எதுவரைக்கும் என்று சத்தமிடுகின்றன. கேட்டது தவறு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. வெள்ளை அங்கி கொடுக்கிறார்கள், இன்னும் கொஞ்சக் காலம் என்கிறார்கள். கிறிஸ்தவர்கள் சிலுவையைப் பற்றிப் பேசுவது இந்த இடத்தில்தான் பொருள்படுகிறது: பொறுக்கிறவர் தூரத்தில் இருந்து பொறுக்கவில்லை, அடிபட்டவர்கள் பக்கத்தில் தாமும் அடிபட்டார் என்பது அவர்கள் அறிக்கை. அதுவும் கேள்வியைத் தீர்த்துவிடுவதில்லை. கேட்கிறவர்களைத் தனியே விடவில்லை என்று மட்டும் காட்டுகிறது.

ஆகவே இரண்டு புத்தகங்களும் வேண்டும். எந்தக் கொடியவனுக்கும் திரும்ப வழி உண்டு என்று நாளாகமம் சொல்லாவிட்டால் நற்செய்தி இல்லை. திரும்பி வந்தவனின் கண்ணீரால் செத்தவர்களின் இரத்தம் கழுவப்பட்டுவிடாது என்று இராஜாக்கள் புத்தகம் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. நாசி ஜெர்மனியில், 1937இல் வெளிவந்த நூலில், மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பை மலிவான கிருபை என்று தீத்ரிக் பான்ஹோபர் சாடினார். நம் சபைகளில் அந்த மலிவுச் சரக்கு நிறையவே ஓடுகிறது. வீட்டில் மனைவியை அடிக்கிறவனும், சபைப் பணத்தில் கை வைத்தவனும் ஒரு சாட்சி சொல்லி அழுததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று கைதட்டி, அடிபட்டவளைப் பார்த்து நீயும் மன்னித்துவிடு, கர்த்தர் பொறுமையுள்ளவர் என்று சொல்கிறோம். தேவனுடைய பொறுமையை எடுத்து அவள் வாயை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை. விக்கிரகங்களை ஊருக்கு வெளியே போட்டால் போதாது. தூளாக்க வேண்டும், பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சகேயு அதைத்தான் செய்தான், யாரும் கேட்காமலே நாலத்தனையாக.

மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றில் இயேசுவின் முன்னோர்களில் ஒருவனாக மனாசேயின் பெயர் இருக்கிறது. எசேக்கியாவுக்கும் ஆமோனுக்கும் நடுவில், ஒளித்து வைக்காமல், அடைமொழி எதுவும் இல்லாமல். அந்தப் பெயரை எடுத்துப் பிரசங்கிக்க நிற்கிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: 2 நாளாகமம் 33ஐ வாசிக்கிற அன்றைக்கே 2 இராஜாக்கள் 21ஐயும் சபை கேட்க வாசியுங்கள். உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் மனாசேயும் இருக்கலாம், அவன் கையில் அடிபட்டவரும் இருக்கலாம். இருவருக்கும் சேர்த்துப் பேசுங்கள்.